தேறலும் தேறுதலும்

கள்ளைக் குறிக்கும் சங்கச் சொற்களை அகராதிகள் ஒருபொருட் பன்மொழியாக அடுக்கிவிடுகின்றன. உற்று நோக்கினால் அவற்றுள் சில செய்முறையையும் தரத்தையும் பிரித்துக் காட்டுபவை. பிழிந்தது பிழி, அரித்து வடித்தது அரியல், மண்டி அடங்கித் தெளிந்தது தேறல். கலங்கல் நீரைத் தெளிவிக்கும் தேற்றாங்கொட்டையிலும், ஆராய்ந்து ஒருவரை நம்பும் தேறுதலிலும், மாணவர் தேர்வில் தேறுவதிலும் உள்ள வேர் இதுவே. தேறல் என்னும் பெயருக்குள்ளேயே ஒரு மதிப்பீடு அடங்கியிருக்கிறது.

பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் கிடைப்பது அரிசிக் கள். அரிசியைக் களியாகத் துழாவி, ஆற்றி, இடித்த நெல்முளை சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து வடித்தெடுக்கிறார்கள். முளைத்த தானியத்தின் நொதியால் மாவுப்பொருள் சர்க்கரையாவதே பியரின் அடிப்படை. ஆகவே இதைப் பியர் என்று வகைப்படுத்துவதில் பிழையில்லை. அது எப்போது குடிக்கத் தக்கதாகிறது என்பதற்குப் புலவர் கூறும் அளவுகோல் 'வழைச்சு' நீங்குதல். வழைச்சு என்பது முற்றாத கள்ளின் பச்சைத்தன்மை. சுவைத்துப் பழகிய நாக்குகளே இத்தகைய சொல்லை உருவாக்கியிருக்க முடியும். பயிருக்குரிய 'விளைதல்' என்னும் வினை இங்கே சாடிக்குள் இருக்கும் கள்ளுக்கும் வருகிறது.

இந்நாவறிவு திருவிதாங்கூரில் பனையேறிகளிடம் நெடுங்காலம் வாழ்ந்தது. 1956 நவம்பர் 1 வரை இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவனந்தபுரத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது அக்கானி; தடவாததில் இறங்குவது கள். எல்லை பிரிந்தபின் இரு பக்கத்துச் சட்டங்களும் இரு வழியில் சென்றன. தமிழ்நாட்டில் 1987 சனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. களியக்காவிளைக்கு அப்பால் அது உரிமம் பெற்ற தொழில். மலையாளத்தில் அந்திக்கள்ளு, இளங்கள்ளு, மூத்தகள்ளு என்னும் பாகுபாடு இன்றும் கடைப்பேச்சில் உயிரோடிருக்கிறது. இப்பக்கம் வெளிப்படையாகப் புழங்கும் சொல் அக்கானி ஒன்றே. பொருளைத் தடைசெய்த சட்டம் அதன் நுண்சொற்களையும் ஒடுக்கியது எனலாம். சட்டம் மட்டுமன்று, திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு, கள்ளிறக்கும் தொழிலையே கைவிடுமாறு தம் சமூகத்தாரை வேண்டினார். சாதி இழிவோடு பிணைந்துவிட்ட அறிவு அது.

கேரளத்திலும் நாவின் அதிகாரம் குறுகிவிட்டது. தலைநகரின் கடைகளுக்குப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியின் கள் வண்டியேறி வருகிறது. கலயத்திலேயே தொடங்கும் நொதித்தல் வழியெல்லாம் தொடர்வதால், இளங்கள் என்பது அங்கே பெரும்பாலும் பெயரளவுதான். தென்னங்கள்ளுக்கு 8.1 விழுக்காடு சாராயம் என விதி ஓர் உச்சவரம்பை வகுத்தது. அதே 8.1-இல் நல்ல கள்ளும் இருக்கலாம், காடியாகத் திரும்பிய கள்ளும் இருக்கலாம். எண்ணுக்கு அவ்வேறுபாடு தெரியாது.

எனினும் நாவைப் போற்றி ஆய்வகத்தைப் பழிப்பது எளிய ஏக்கமாகிவிடும். 2000-இல் கொல்லம் மாவட்டத்துக் கல்லுவாதுக்கலில் நச்சுச் சாராயம் குடித்து 31 பேர் மாண்டனர். அதிலிருந்த மெத்தனாலை எந்த நாவும் பிரித்தறிந்திருக்காது. வழைச்சை அறிந்த நாவுக்கு எட்டாத நஞ்சு அது. அதைக் கண்டறியும் கருவிக்கோ வழைச்சு எட்டாது.