தேய்க்கப்பட்ட ஊசி

எஸ்.யூ. காபரேற்றரின் மேல்மூடியை இறுக்கும் திருகாணி ஒன்றின் கீழ் சிறிய உலோகத் தகடு இருக்கும். அதில் பொறித்த இலக்கத்தைப் பட்டியலில் தேடினால் எந்தக் கார், எந்த எஞ்சின் என்று தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் நான் ஆராய எடுத்த மொறிஸ் மைனரில் அந்தத் தகடு இல்லை. எப்போதோ கழற்றியவர் திரும்பப் போடவில்லை.

ஆகவே காரின் மற்ற எழுத்துகளிலிருந்து தொடங்கினேன். இலக்கத் தகட்டில் 'ஈஎன்' என்று இருந்தது. சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வழங்கிய பழைய வரிசை அது. சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இலக்கத் தகடுகளுக்கு வரும் முன்னர் பதிவான கார். சேசிஸ் எண் 'எஃப்ஏஏ' என்று தொடங்கி 2 என்று தொடர்ந்தது: மைனர், நான்கு கதவு, கறுப்பு நிறம், வலப்பக்க ஸ்டியரிங்குடன் ஏற்றுமதிக்கு. ஒக்ஸ்போர்ட் நகரத்துக் கவ்லி தொழிற்சாலையில் செய்யப்பட்ட இரண்டாம் தொடர் மைனர் அது. 803 சிசி எஞ்சின், அதன்மேல் எச்1 காபரேற்றர். அப்படித்தான் அது கப்பலேறியிருக்க வேண்டும்.

கையில் இருந்ததோ எச்1 அல்ல. எஸ்.யூ. பெயர்களில் வரும் எண், காற்றுவழியின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு மேல் எத்தனை அரைக்கால் அங்குலம் என்பதைச் சொல்கிறது. எச்1 என்றால் 1⅛ அங்குலம். இது 1¼ இருந்தது. மிதவை அறையிலிருந்து ஜெற்றின் அடிக்கு நைலோன் குழாய் போனதால், பழைய எச்2 இல்லை, பின்னர் வந்த எச்எஸ்2. எஞ்சின் எண் 9எம் என்று தொடங்கியது. அது 948 சிசி எஞ்சினின் அடையாளம். பதிவுப் புத்தகத்தில் பழைய எஞ்சின் எண் கோடிடப்பட்டு, புதிய எண் முத்திரையோடு ஏறியிருந்தது. மாற்றம் 1970களில் நடந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் புதுக் காரும் உதிரிப்பாகமும் கிடைக்காத காலம். ஒரு காரை இன்னொன்றால் உயிர்ப்பித்த காலம்.

காபரேற்றர் மாறியதைப் பற்றி எந்தக் கடதாசியிலும் ஒரு சொல் இல்லை. பிஸ்ரனைத் தூக்கி ஊசியைக் கழற்றினேன். அதன் தண்டில் 'ஏஎன்' என்று இருந்தது. அது 1962இல் வந்த 1098 சிசி மைனருக்கு உரிய ஊசி. ஆக, மூன்று மைனர்கள் ஒரு காருக்குள்.

இத்தோடு தேடல் முடிந்தது என்றுதான் எண்ணியிருப்பேன், மைக்ரோமீற்றரை எடுத்திராவிட்டால். எஸ்.யூ. காபரேற்றரின் சூட்சுமம் முழுவதும் அந்த ஊசியில் இருக்கிறது. காற்று இழுக்க இழுக்கப் பிஸ்ரன் எழும்பும். அதோடு ஊசியும் ஜெற்றிலிருந்து எழும்பும். ஊசி நுனி நோக்கி ஒடுங்குவதால், எழும்பும் அளவுக்கு எரிபொருள் கூடும். ஒவ்வோர் அரைக்கால் அங்குலத்திலும் அதன் விட்டம் என்ன என்பது அச்சிட்ட பட்டியலில் உண்டு. மேற்பகுதி பட்டியலோடு ஒத்துப்போனது. நடுப்பகுதி மெலிந்திருந்தது.

தேய்மானம் என்றால் ஒரு பக்கம்தான் தேயும். ஜெற் நடுவில் நில்லாமல் ஊசி உரசுவதால் வருவது அது. இங்கே சுற்றிலும் ஒரே அளவு. உருப்பெருக்கியில் பார்த்தால் மெல்லிய வட்டக் கீறல்கள். யாரோ ஊசியைச் சுழலவிட்டு எமரித்தாளால் அளந்து தேய்த்திருக்கிறார்.

எதற்கு? எஞ்சினின் தலையைக் கழற்றியபோது விடை கிடைத்தது. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கஸ்கற்றுகள். அமுக்கத்தைக் குறைக்கச் செய்த வேலை அது, மண்ணெண்ணெய்க்காக. 1990இல் போர் மறுபடி மூண்டு, பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராமற்போன யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலைக் காபரேற்றர் வாயில் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். அந்நாளில் கராஜ் நடத்திய ஐயா ஒருவர் பொறுமையாக விளக்கினார். மைனரின் உள்வழிக் குழாய் புகைவழியோடு ஒட்டி வார்க்கப்பட்டதால் அந்தச் சூடு உதவியிருக்கும். ஆனால் மண்ணெண்ணெய் எளிதில் 'நொக்' அடிக்கும். அதற்குத்தான் இரண்டாவது கஸ்கற். முழுதாய் ஆவியாகாத எரிபொருளுக்குக் கலவை தடிப்பாக வேண்டும். அதற்குத்தான் மெலிந்த ஊசி என்று கொள்கிறேன். கணக்கு எழுதி வைக்காத அந்த மெக்கானிக்கை நான் எஞ்சினியர் என்றே சொல்வேன்.

பிறகு புதுப்பித்தல். மேல்மூடியும் பிஸ்ரனும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்தவை. மாற்றக்கூடாது, எமரி படக்கூடாது. பெற்றோலில் கழுவித் துடைத்தோம். திரொட்டில் தண்டு ஆடியது. அந்த இடைவெளியால் காற்றுக் கசிந்தால் எந்த ஊசியும் சரிவராது. புது புஷ், புதுத் தண்டு, 0.090 அங்குல ஜெற். எஞ்சின் 948 என்பதால் அதற்குரிய 'எம்' ஊசி. தூக்கிவிட்ட பிஸ்ரன் 'ரிக்' என்று விழும்வரை ஜெற்றை நடுவில் நிறுத்தினோம்.

பழைய ஊசியை அதன் அளவுகளோடு பதிவுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். சுன்னாகத்துக் கராஜ் ஒன்றின் இரும்புப் பெட்டியிலிருந்து இன்னோர் ஊசி வந்திருக்கிறது. அதிலும் வட்டக் கீறல்கள். இரண்டும் ஒரே இடத்தில் மெலிந்திருந்தால், இது ஒருவர் கைவேலை அல்ல, ஊருக்குள் பரவிய ஒரு முறை. அளக்கத் தொடங்கியிருக்கிறேன்.