வேலியில் நின்ற ஆடாதோடை

பெரியகல்லாற்றில் இருமல் தொடங்கினால் முதலில் எட்டிப் பார்க்கிறது வேலியைத்தான். ஆடாதோடை நிற்கிற இடம் அது. நாலைஞ்சு இலையைப் பிடுங்கி, வேர்க்கொம்பும் மிளகும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டு, தண்ணி பாதியாக வற்றும்வரை அவிச்சு வடிச்சால் குடிநீர் சரி. கைப்பு நாக்கை விட்டுப் போகத்தான் நேரம் எடுக்கும்.

அந்தக் கைப்புக்கு ஆடு வாய் வைக்காது. ‘ஆடு தொடாதது’ என்றுதான் பெயருக்கே விளக்கம் சொல்வார்கள். ஒரு தடியை முறிச்சு மாரிக்கு ஊன்றினால் தழைச்சிடும். அதனால்தான் வேலிக்கு அதை நட்டார்கள். வேலிக்கு வேலி, மருந்துக்கு மருந்து.

இந்தப் பெயர் கடல் கடந்தும் போயிருக்கு. ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக 1672 இல் இலங்கைக்கு வந்த பவுல் ஹெர்மன், இங்கத்தைய செடிகளைச் சேகரித்தார். பிறகு லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தபோது, 1687 இல் அவர் வெளியிட்ட பட்டியலில் ‘அதாதோடா’ இருக்கிறது. அவர் காயவைத்துச் சேர்த்த செடிகளைப் பார்த்து லின்னேயஸ் 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். 1753 இல் இந்தச் செடிக்கு ‘ஜஸ்டீசியா அதாதோடா’ என்று பெயர் வைத்தார். தமிழிலும் சிங்களத்திலும் சனம் வாயால் சொன்ன சொல்தான் லத்தீனாகிப் போனது. இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றி உருவான புரோம்ஹெக்சின், 1960களில் சளி மருந்தாக விற்பனைக்கு வந்தது. இன்றைக்கு அதைப் பாமசியில் காசு குடுத்து வாங்குகிறோம்.

ஹெர்மனின் செடிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எங்கட ஆட்களின் அறிவு எங்கே இருந்தது? மட்டக்களப்பில் வீடுவளவு தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போகும். வளவோடு சேர்ந்து வேலியும் போனது. எந்த இலை, யாருக்கு, எவ்வளவு என்ற கணக்கும் போனது. ‘வயித்தில புள்ள இரிக்கிறவளுக்கு ஆடாதோடை குடுக்கப்படா’ என்பதும் அந்தக் கணக்கில் ஒன்று. வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும் என்று மருந்தியலும் அதையே சொல்கிறது. இந்தக் கணக்கை யாரும் பட்டியல் போட்டு அச்சடிக்கவில்லை.

2004 சுனாமி கரையோர வளவுகளின் வேலிகளை அள்ளிக்கொண்டு போனது. பிறகு எழும்பினது மதில். மதில் கட்டின வளவுக்கு வேலிச்செடி தேவைப்படவில்லை. செடி இல்லாத வளவில், அந்தக் கணக்கைப் பேத்திக்குச் சொல்ல அம்மம்மாவுக்கு ஒரு சந்தர்ப்பமும் வருவதில்லை.

ஒரு தடி போதும். இந்த மாரிக்கு மதிலோரம் ஊன்றிப் பாருங்கள். ஊன்றுகிற நேரம் அம்மம்மாவையும் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தி, அவ சொல்லுறதைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.