ஒரே வேர், இரு பொருள்: தென்கடல் மொழிகளில் சமயச் சொற்கள்

பசிபிக் தீவுகளின் திருச்சபை வரலாற்றைக் கற்போர் வியப்பூட்டும் செய்தி ஒன்றைக் காண்பர். குவாம் தீவின் சமோரோ மொழியில் 'அனித்தி' என்றால் பிசாசு. அதற்குக் கிழக்கே, மார்ஷல் தீவுகளில் 'அனிஜ்' என்றால் கடவுள். இவ்விரண்டும் ஒரே மூலச் சொல்லின் இரு வடிவங்களே. ஒரு சொல் ஓரிடத்தில் சாத்தானுக்கும் மற்றோரிடத்தில் கர்த்தருக்கும் பெயரானது எவ்வாறு?

இம்மொழிகள் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தைவானிலிருந்து 4000 ஆண்டுகளுக்கு முன்னரே கடல்வழி பரவத் தொடங்கிய இக்குடும்பம், மேற்கே மடகாஸ்கர், கிழக்கே ஈஸ்டர் தீவு, தெற்கே நியூசிலாந்து வரை எட்டியது. இதில் ஏறத்தாழ 1200 மொழிகள் உள்ளன. மலாய், மடகாஸ்கர், பசிபிக் மொழிச் சொற்களின் ஒற்றுமையை டச்சு அறிஞர் ரேலண்டு 1708இல் சுட்டிக்காட்டினார். ஜெர்மானியரான ஓட்டோ டெம்ப்வொல்ஃப் 1934 முதல் 1938 வரை வெளியிட்ட நூல்களில், ஒலிமாற்ற விதிகளைக் கொண்டு மூலச் சொற்களை மீட்டமைத்தார்.

அவ்விதிகளே நமக்குச் சான்று. 'மூன்று' என்பது சமோவாவில் 'தோலு'. மார்ஷல் தீவுகளில் 'ஜிலு'. தகரம் அங்கே ஜகரமாகிறது. ஆகவே 'அனித்து' என்னும் மூலச் சொல் 'அனிஜ்' எனத் திரிந்தது முறையானதே. இறந்தோரின் ஆவி என்பதே அதன் பழம்பொருள். தைவானின் புனூன் மக்கள் இன்றும் ஆவியை 'ஹனித்து' என்பர். பிலிப்பைன்சின் தகலோகு மொழியில் 'அனித்தோ' முன்னோரின் ஆவியைக் குறித்தது. சமோவாவில் 'ஐத்து' பேயாயிற்று. மவோரி மொழியில் இதனோடு தொடர்புடைய 'ஐத்துவா' துன்பத்தையும் சாவையும் குறிக்கிறது.

இனி நம் வினாவுக்கு வருவோம். 1668இல் குவாமில் இறங்கிய இயேசு சபைக் குரு சான்வித்தோரெசும் அவர் தோழரும், முன்னோரின் மண்டையோடுகளை வணங்கும் வழக்கத்தைப் பிசாசின் செயலென எதிர்த்தனர். கடவுளுக்கு ஸ்பானியச் சொல்லையே தந்தனர். அது 'யுஓஸ்' ஆயிற்று. முன்னோரின் பெயரோ நரகத்துக்குத் தள்ளப்பட்டது. மார்ஷல் தீவுகளின் எபோனுக்கு 1857இல் அமெரிக்க மிஷனெரிமார் வந்தனர். அங்கு உருவான கிறிஸ்தவ வழக்கில், ஆவிகளையும் தெய்வங்களையும் குறித்த உள்ளூர்ச் சொல்லே மெய்க்கடவுளின் பெயராயிற்று. ஒலி இயல்பாக மாறியது. பொருளை மாற்றியதில் மனிதரின் தெரிவுக்கும் பங்குண்டு.

'தாப்பு' என்னும் சொல்லும் இதையே காட்டும். விலக்கப்பட்டது, புனிதமானது என்னும் இரு பொருளும் அதற்குண்டு. மவோரி வேதாகமம் 'பைப்பெரா தாப்பு' எனப்படுகிறது. பரிசுத்த ஆவியானவர் 'வைருவா தாப்பு'. பிஜித் தீவினர் ஞாயிற்றுக்கிழமையைத் 'தம்பு' நாள் என்பர். ஹவாயிலோ இச்சொல் 'காப்பு' என வழங்கும். (தமிழ்க் 'காப்பு' என்பதோடு இதற்கு உறவில்லை, ஒலி ஒப்புமை தற்செயலே.) அங்கே 1819இல் அரசன் லிஹோலிஹோ பெண்களோடு அமர்ந்து உண்டு, காப்பு விதிகளை முறித்தான். மிஷனெரிமார் வந்தது அடுத்த ஆண்டு. 1839இல் நிறைவுற்ற ஹவாய் வேதாகமத்தின் பெயரில் இடம்பெற்றது, குறையற்றது எனப் பொருள்படும் 'ஹெமொலேலே'. 'காப்பு' இன்று வேலிகளில் 'உள்ளே வராதே' என்னும் அறிவிப்பாக நிற்கிறது.

வேர்ச்சொல் ஆராய்ச்சி ஒரு சொல் எங்கிருந்து வந்தது எனக் காட்டும். அது இன்று கேட்போர் உள்ளத்தில் என்ன செய்கிறது எனக் காட்டாது. எபிரெய, கிரேக்க வேர்களைப் பீடத்தில் விளக்க விரும்பும் நாம் இவ்வெல்லையை உணர்தல் நன்று. அதனினும் பெரியது ஒன்றுண்டு. ஒரு மக்களின் சொல்லை ஏற்கும்போதும் தள்ளும்போதும், அச்சொல்லில் வாழும் அவர்தம் முன்னோரையும் நாம் தீர்ப்பிடுகிறோம். அத்தீர்ப்பு அச்சத்தோடும் அன்போடும் செய்யப்பட வேண்டியது.