நான்கு தாதியரும் ஒரு கைத்தொழிலும்

உடம்பைப் பிடித்துவிடுதல் மனிதன் அறிந்த மிகப் பழைய சிகிச்சைகளுள் ஒன்று. காலில் அடிபட்டால், எவரும் கற்பிக்காமலே கை அவ்விடத்தைத் தடவச் செல்கிறது. நம் சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என்று பெயரிட்டு, ஒன்பது வகையாகப் பகுத்துக் கூறும். இவ்வியல்பான செயல் மேனாட்டில் எவ்வாறு ஒரு மருத்துவக் கலையாயிற்று, அக்கலைக்கு நேர்ந்த இழுக்கை யார் துடைத்தனர் என்பவற்றையே மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

ஸ்வீடன் முறை என வழங்கும் மஸாஜைத் தோற்றுவித்தவர் பெர் ஹென்றிக் லிங் என்று பலரும் எழுதியுள்ளனர். வாட்பயிற்சி ஆசிரியரான லிங், 1813-இல் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். நோய் தீர்க்கும் பயிற்சிகளையும் வகுத்தார். ஆயினும், இன்று கையாளப்படும் மஸாஜ் வகைகளை ஒழுங்குபடுத்திய பெருமை ஹாலந்து நாட்டு வைத்தியர் மெட்ஸ்கருக்கே உரியது என்பர் ஆராய்ச்சியாளர். சுளுக்கிய கணுக்காலைத் தேய்த்துக் குணப்படுத்துவதைப் பற்றி அவர் 1868-இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுரை ஒன்று அளித்தார்.

அவ்வகைகளுள் முதன்மையானவை நான்கு. முதலாவது தடவுதல். உள்ளங்கையை இதயத்தின் திசை நோக்கி நீளமாகச் செலுத்துவது இது. உடல் இளகி அமைதி பெறும். இரண்டாவது பிசைதல். தசையைப் பற்றித் தூக்கிப் பிசைய, அதன் இறுக்கம் தளரும். மூன்றாவது அழுத்தித் தேய்த்தல். மூட்டுகளைச் சுற்றி விரல்நுனியால் சிறு வட்டங்களாகத் தேய்ப்பது இது. நான்காவது தட்டுதல். குவித்த கையால் மார்பிலும் முதுகிலும் தட்டி, நெஞ்சில் கட்டிய சளியைத் தளர்த்தும் முறை இதனோடு உறவுடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கலை இங்கிலாந்தில் பெரிதும் பரவியது. கூடவே கேடும் புகுந்தது. மஸாஜ் என்ற பெயர்ப்பலகையின் மறைவில் லண்டனில் தகாத தொழில் நடக்கும் வீடுகள் உள்ளன என்று 1894-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதியது. நேர்மையாக உழைத்த பெண்களின் மீதும் ஐயத்தின் நிழல் விழுந்தது. பிழைப்பு போவது ஒருபுறமிருக்க, மானமே போகும் நிலை!

அப்பொழுது முன்வந்தவர்கள் லூசி ராபின்சன், ரோசலிண்ட் பாஜெட், எலிசபெத் மான்லி, மார்கரெட் பாமர் என்னும் நான்கு பெண்மணிகள். அவ்வாண்டிலேயே பயிற்சி பெற்ற மஸாஜ் தாதியரின் சங்கத்தை அவர்கள் நிறுவினர். பழி தூற்றியோரோடு வாதிடுவதில் அவர்கள் காலம் கழிக்கவில்லை. தங்களுக்குத் தாங்களே விதிகளை இயற்றிக்கொண்டனர். வைத்தியரின் கட்டளையின்றிச் சிகிச்சை செய்யலாகாது. பொதுப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்யலாகாது. மருந்து விற்கலாகாது என்பன அவற்றுட் சில. தேர்வில் தேறியோர்க்கே சான்றிதழ் கிடைத்தது.

இக்கட்டுப்பாட்டின் பயன் 1914-இல் மூண்ட முதல் உலகப் போரில் வெளிப்பட்டது. காயமுற்ற போர்வீரர்களின் கைகால்களை மீண்டும் இயங்கச் செய்யப் பயிற்சி பெற்ற கைகள் ஆயத்தமாக இருந்தன. போரில் கண்ணிழந்த வீரர்களுக்கும், 1915-இல் லண்டனில் தொடங்கிய செயின்ட் டன்ஸ்டன் இல்லத்தில் இத்தொழில் கற்பிக்கப்பட்டது. சிகிச்சை பெற வேண்டியவனே சிகிச்சை அளிப்பவனாக உயர்ந்தான். 1920-இல் அச்சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. 1944-இல் அது பிஸியோதெரபி சங்கம் எனப் பெயர் மாறியது.

மஸாஜ் எல்லா நோயையும் தீர்க்கும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். முதுகுவலி சில காலம் தணியும், மனக் கலக்கம் குறையும், இவை மெய்யே. ஆனால் காலின் இரத்தக் குழாயில் உறைகட்டி இருப்பவரைத் தேய்த்துவிட்டால், அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே இடராகலாம். வைத்தியரின் கட்டளை வேண்டும் என்று அந்நால்வரும் வகுத்த விதி தங்கள் மானத்தைக் காத்தது. நோயாளியின் உயிருக்கும் அதுவே காவலாயிற்று. ஒரு தொழிலின் மதிப்பு, அதனைச் செய்வோர் தமக்குத் தாமே இட்டுக்கொள்ளும் வரம்பில் இருக்கிறது என்பதே இவ்வரலாற்றில் நான் காணும் பாடம்.