பணி அனுமதி ஒதுக்கீடு

பணி அனுமதி ஒதுக்கீடு என்பது, ஒரு நிறுவனம் எத்தனை வெளிநாட்டுத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டு அரசு விதிக்கும் உச்சவரம்பு. தொழிலாளர்கள் இதைக் ‘கோட்டா’ என்பார்கள். நிறுவனத்தில் உள்ள உள்நாட்டுப் பணியாளர்களின் எண்ணிக்கையே பெரும்பாலும் இதற்கு அடிப்படை. விதி முதலாளிக்கு உரியது. ஆனால் அது மீறப்பட்டால் முதலில் வேலையிழப்பவர் கடன் வாங்கி விமானம் ஏறிய தொழிலாளி.

மும்பையும் சீத்தா கேம்பும்

மும்பையின் டிராம்பே பகுதியில் உள்ள சீத்தா கேம்ப், நெருக்கடிநிலைக் காலத்தில் உருவான குடியிருப்பு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி 1976 மே மாதம் அகற்றப்பட்டபோது, அங்கிருந்த மக்கள் இங்கே குடியமர்த்தப்பட்டனர். தமிழர்கள் பலர் வாழும் பகுதி இது. வளைகுடா நாடுகளுக்கு ஆள் எடுக்கும் முக்கிய மையங்களில் மும்பையும் ஒன்று என்பதால், சீத்தா கேம்ப், செம்பூர், தாராவி இளைஞர்களுக்கு வெளிநாட்டு வேலை வாய்ப்பு பெரும்பாலும் உள்ளூர் ஏஜென்ட் வழியாகவே வருகிறது. விசா, சம்பளம், டிக்கெட் பற்றி விசாரிக்கும் அளவுக்குக் கோட்டாவைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

சிங்கப்பூர் முறை

தமிழ்த் தொழிலாளர்கள் மிகுதியாகச் செல்லும் சிங்கப்பூரில், துறைக்குத் துறை உச்சவரம்பு மாறும். உற்பத்தித் துறையில் மொத்தப் பணியாளர்களில் 60 சதவீதம் வரையும், சேவைத் துறையில் 35 சதவீதம் வரையும் வெளிநாட்டவர் இருக்கலாம். கட்டுமானத் துறையில் 2024 ஜனவரி முதல் ஓர் உள்நாட்டுப் பணியாளருக்கு ஐந்து வெளிநாட்டவர் என்பது வரம்பு. முன்பு அது ஏழாக இருந்தது. இந்த வரம்புகளுக்குள் வருபவர்கள் ஒர்க் பெர்மிட்டிலும் எஸ் பாஸிலும் இருப்பவர்கள். உயர்சம்பள வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் கோட்டா கிடையாது. 2023 செப்டம்பர் முதல் அது புள்ளி முறையில் மதிப்பிடப்படுகிறது.

உள்நாட்டுப் பணியாளரின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. 2024 ஜூலையில் வந்த விதிப்படி மாதம் 1,600 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) அதற்கு மேலும் பெறுபவர் முழு ஆளாகவும், 800 முதல் 1,600 வெள்ளிக்குள் பெறுபவர் அரை ஆளாகவும் கணக்கிடப்பட்டனர். மத்திய சேமநிதியில் முதலாளி கட்டும் தொகையே இதற்குச் சான்று. வேலையே செய்யாதவர்கள் பெயரில் சேமநிதி கட்டிக் கோட்டாவைக் கூட்டிக்காட்டுவது குற்றம்.

இருபது பேர் வேலை செய்யும் ஓர் இந்திய உணவகத்தை எடுத்துக்கொள்வோம். 13 பேர் உள்நாட்டவர், 7 பேர் வெளிநாட்டவர். 35 சதவீதம் சரியாக நிரம்பிவிட்டது. உள்நாட்டவரில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் மீதி 12 பேர். இப்போது ஆறு வெளிநாட்டவருக்குத்தான் இடம். ஏழாவது ஆள் எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் அவருடைய பெர்மிட் சிக்கலுக்குள்ளாகும். துணை வரம்புகளும் உண்டு. 2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை ஒர்க் பெர்மிட்டில் எடுக்கலாம். ஆனால் அவர்களுக்கு மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம் தரவேண்டும், அத்தகையோர் மொத்தப் பணியாளர்களில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இருபது பேர் கொண்ட கடையில் இரண்டு பேர் என்றாலே 10 சதவீதம். ஆகவே ஒருவருக்குத்தான் இடம்.

கோட்டாவோடு ‘லெவி’ என்ற மாதாந்திர வரியும் உண்டு. அதை முதலாளிதான் கட்டவேண்டும்; தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. வேலை தருவதற்காகத் தொழிலாளியிடம் முதலாளி பணம் வாங்குவதும் தண்டனைக்குரியது.

சவூதி அரேபியாவின் நிதாகத்

சவூதி அரசு 2011இல் தொடங்கிய நிதாகத் திட்டம், நிறுவனங்களை அவற்றில் உள்ள சவூதி குடிமக்களின் விகிதப்படி சிவப்பு, மஞ்சள், பச்சை, பிளாட்டினம் என்று தரம் பிரித்தது. சிவப்பில் இருந்த நிறுவனம் தன் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் ‘இக்காமா’ எனப்படும் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. அங்கிருந்த தொழிலாளி, முதலாளியின் சம்மதம் இல்லாமலே பச்சை நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். 2013இல் சோதனைகள் கடுமையானபோது, ஆவணங்களைச் சரிசெய்துகொள்ள முதலில் ஜூலை வரையும் பிறகு நவம்பர் 3 வரையும் அவகாசம் தரப்பட்டது. ஸ்பான்சர் ஒருவர், வேலை செய்யும் இடம் வேறு என்றிருந்த ‘ஃப்ரீ விசா’க்காரர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர். மஞ்சள் நிறம் பின்னர் கைவிடப்பட்டது.

இந்தியத் தரப்பின் பாதுகாப்பு

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். பத்தாம் வகுப்பு தேறாதோரின் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி தேவை. அதற்கான அலுவலகம் மும்பையிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை. அங்கே போகிறவர் தன் ஆவணங்களைத் தானே கூர்ந்து பார்க்கவேண்டும்.

புறப்படும் முன்

ஏஜென்டின் பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம். சிங்கப்பூர் என்றால், ‘ஐபிஏ’ எனப்படும் முன்அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை பணம் கொடுக்கக்கூடாது. சம்பளமும் பிடித்தங்களும் அதில் எழுதப்பட்டிருக்கும். தொழிலாளியின் தாய்மொழியிலும் அது தரப்படவேண்டும். வேலை தரும் நிறுவனத்தின் பெயரும், விசாவில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்க்கவேண்டும். நிறுவனத்துக்குக் கோட்டா மிச்சமிருக்கிறதா, உள்நாட்டுப் பணியாளர் குறைந்தால் பெர்மிட் புதுப்பிக்கப்படுமா என்ற இரண்டு கேள்விகளையும் பணம் கைமாறும் முன்பே கேட்டுவிட வேண்டும். இவற்றுக்குத் தெளிவான பதில் தராத ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கக்கூடாது.