நாடகம் பட்டப்படிப்பான வரலாறு

முத்தமிழ் என்னும் சொல் ஒலிக்காத தமிழ் மேடை இல்லை. இயலுக்குத் துறை உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இயங்கி வருகின்றது. இசைக்குத் தமிழகத்திலும் ஈழத்திலும் கல்லூரிகள் உண்டு. மூன்றாவதாகிய நாடகத்தை இளங்கலைப் பட்டத்திற்குரிய பாடமாகக் கொள்ளலாமா என்னும் வினா எழும்போது மட்டும் நமக்குத் தயக்கம் வந்துவிடுகின்றது. பெற்றோர் வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்கின்றனர்; அது நியாயமான கேள்வியே. தமிழாசிரியர்களாகிய நாமோ, "நாடகத்தை இலக்கியத்தோடு சேர்த்துக் கற்பித்துத்தானே வருகிறோம்" என்று விடை கூறி அமைந்துவிடுகிறோம். இந்த இரண்டாவது விடையைத்தான் இங்கே ஆராய விரும்புகிறோம். ஏனெனில், நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களும் இதையே கூறின.

பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஜெர்மானிய இலக்கியம் கற்பித்தவர் மாக்ஸ் ஹெர்மன். 1914இல் இடைக்கால, மறுமலர்ச்சிக்கால ஜெர்மானிய அரங்கின் வரலாறு குறித்து அவர் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பதினாறாம் நூற்றாண்டில் நியூரன்பெர்க் நகரில் ஹான்ஸ் சாக்ஸ் என்னும் செருப்புத் தைக்கும் கவிஞர் தம் நாடகங்களை மார்த்தா தேவாலயத்தில் ஆடுவித்தார். அந்த மேடை எங்கே அமைந்திருந்தது? எத்துணை அகலம்? நடிகர் எவ்வழியாக வந்தனர், எவ்வழியாகச் சென்றனர்? பனுவலின் உள்ளிருந்தும் கட்டடத்தின் அளவுகளிலிருந்தும் அந்த மேடையை மீண்டும் எழுப்பிக் காட்ட முயன்றார் ஹெர்மன். லைப்சிக் பேராசிரியர் ஆல்பர்ட் கோஸ்டர் மேடையின் இடம் அதுவன்று என மறுத்தார். இருவருக்கும் இடையே நெடிய வாதம் மூண்டது. யார் சரி என்பது இன்று நமக்கு முதன்மையன்று. ஒரு நாடகத்தின் கதையையோ அணிநலத்தையோ பற்றியன்றி, அது நின்ற இடத்தைப் பற்றி இரு பேராசிரியர்கள் வழக்காடினார்கள் என்பதே புதுமை. நாடகம் என்பது நடிப்போரும் காண்போரும் கூடிச் செய்யும் ஒரு சமூகச் செயல். எழுதப்பட்ட பனுவல் அதன் ஓர் உறுப்பு மட்டுமே என்பது ஹெர்மனின் கொள்கை. அவ்வாறாயின் அதனை ஆராய இலக்கியத் துறை போதாது; தனித் துறை வேண்டும்.

1923இல் பெர்லினில் அரங்கவியல் நிறுவகம் தோன்றியது. எனினும் அது ஹெர்மனிடம் மட்டும் ஒப்படைக்கப்படவில்லை. இலக்கியப் பேராசிரியர் யூலியுஸ் பீட்டர்சனும் உடன் இயக்குநராக அமர்த்தப்பட்டார். முழுப் பேராசிரியர் பதவி ஹெர்மனுக்கு 1930இல்தான் கிட்டியது. அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. மூன்றே ஆண்டுகளில், யூதர் என்பதனால் பதவி பறிக்கப்பட்டது. நூல்களை வீட்டிற்கு எடுத்துச் செல்லவும் நூலகத்தில் அமர்ந்து படிக்கவும் தடை வந்தது. நின்றபடி படிக்கும் மேசை ஒன்று மட்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த முதியவர் நின்றுகொண்டே தம் கடைசி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1942 செப்டம்பரில் அவரும் அவர் மனைவி ஹெலனும் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இரண்டு மாதங்களில் அவர் அங்கே இறந்தார். இன்று உலகில் எத்தனையோ பல்கலைக்கழகங்களில் மாணவர் இயல்பாகப் பதிவு செய்துகொள்ளும் ஒரு பாடத்தின் தொடக்கம் அந்த மேசைக்கும் கடன்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் வழக்கு வேறு வடிவம் கொண்டது. அங்கே வினா ஆராய்ச்சியைப் பற்றியதன்று, செயல்முறையைப் பற்றியது. பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி தொழில்நுட்பக் கழகம் 1914இல் நாடகத்துறையைத் தொடங்கி, அத்துறையில் பட்டமும் வழங்கியது. தொழில்நுட்பக் கழகம் என்பதைக் கவனிக்க வேண்டும். கைத்தொழிலைக் கற்பிக்க அதற்குக் கூச்சமில்லை. ஹார்வார்டுக்கு அக்கூச்சம் இருந்தது. அங்கே ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் நடத்திய நாடகம் எழுதும் வகுப்பில் யூஜின் ஓநீல் பயின்றிருக்கிறார். ஆயினும் தம் பட்டறைக்கு உரிய இடத்தையும் தகுதியையும் பேக்கரால் அங்கே பெற இயலவில்லை. 1925இல் அவர் யேல் பல்கலைக்கழகத்திற்குச் சென்று அங்கு நாடகத்துறையை நிறுவினார். ஹார்வார்டு இளங்கலை மாணவருக்கு அரங்கம் முதன்மைப் பாடமாகக் கிடைத்ததோ 2015இல். பேக்கர் வெளியேறித் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து.

இங்கிலாந்தில் முதல் நாடகத்துறை 1947இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. நடிப்புப் பயிற்சி தரும் ஓல்டு விக் நாடகப் பள்ளி அதே நகரில் அதற்கு முந்திய ஆண்டிலேயே தொடங்கியிருந்தது. எனவே, நடிகரை உருவாக்குவது பல்கலைக்கழகத்தின் வேலையாக இருக்கத் தேவையில்லை. பின் எது அதன் வேலை? பின்னாளில் அந்நாட்டின் முதல் நாடகப் பேராசிரியராக விளங்கிய கிளின் விக்கம் இதற்கு விடை தேடினார். வேதியியலுக்கு ஆய்வுக்கூடம் எப்படியோ அப்படியே நாடகத்திற்கு மேடை என்பது அவ்விடையின் சாரம். சுவாஷ் ஆட்டக்கூடம் ஒன்று மேடையாக மாற்றப்பட்டது. மாணவர் அங்கே பழைய நாடகங்களை ஆடிப் பார்த்தனர். வெற்றி பெறுவது நோக்கமன்று. ஓர் உரைநடைக் குறிப்பு மேடையில் என்னவாகிறது என்று அறிவதே நோக்கம். 1957இல் அத்துறை மாணவர் ஹென்றி உல்ஃப், தம் நண்பரான நடிகர் ஒருவரிடம் ஒரு நாடகம் எழுதித் தரக் கேட்டார். நண்பர் சில நாள்களில் எழுதி அனுப்பினார். 'தி ரூம்' என்னும் அந்நாடகம் அந்த ஆட்டக்கூட மேடையில் அரங்கேறியது. எழுதியவர் ஹெரால்டு பின்டர்; 2005இல் நோபல் பரிசு பெற்றவர். இதைப் பட்டப்படிப்பின் பயனுக்குச் சான்றாகக் காட்டுவது எளிது. ஆனால் பின்டர் அங்கே மாணவர் அல்லர். தோற்றாலும் தவறில்லை என்ற நிலையில் ஒரு மேடையை அத்துறை வைத்திருந்தது. நாம் கருதத்தக்கது அதுவே.

நம் அருகில் வருவோம். 1969இல் நிறுவப்பட்ட பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம் மிக விரைவிலேயே நிகழ்கலைப் பாடத்தைத் தொடங்கியது. அதனை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் குலாம் சர்வார் யூசோப். கிளந்தானின் மக் யோங் ஆட்டம் குறித்து ஹவாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் அவர். வாயாங் கூலிட் நிழற்பாவைக் கலையின் தலைசிறந்த ஆசான் ஹம்சா அவாங் அமாட் அப்பல்கலைக்கழகத்தில் வந்து கற்பித்தார். பட்டம் பெறாத ஒருவர் பட்டதாரிகளை உருவாக்கிய காட்சியை எண்ணிப் பாருங்கள். 1991இல் கிளந்தான் மாநிலத்தில் மக் யோங் பொது மேடையேற்றம் தடைசெய்யப்பட்டது. 2005இல் யுனெஸ்கோ அதே கலையை மானுடத்தின் அரும்பெரும் மரபாக அறிவித்தது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அக்கலையைப் பற்றிய அறிவு எங்கெல்லாம் தங்கியிருந்தது என்று கேட்டால், கிராமத்துக் கலைஞர்களோடு பல்கலைக்கழகத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழில் இம்முயற்சி ஈழத்தில்தான் வேர் பிடித்தது. தமிழின் முதற்பேராசிரியராக 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்ற விபுலாநந்த அடிகள், அதற்கு முன்பே 1926இல் மதங்க சூளாமணி என்னும் நாடகவியல் நூலை வெளியிட்டிருந்தார். ஆகவே நாடகம் அறியாத ஒருவரிடம் தமிழ்த்துறை பிறக்கவில்லை. இருந்தும் நாடகம் துறையாகவில்லை. பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றினார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை என ஒன்றன்பின் ஒன்றாக அவை அமைந்தன. அவற்றில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியரானார். கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தைப் பற்றிப் பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். இவை யாவும் கூடியே நாடகமும் அரங்கியலும் என்னும் பாடம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு உரியதாயிற்று. போர் மூண்டிருந்த காலம் அது. 1985இல் சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தைப் பல்கலைக்கழகத்தார் ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். வேலைவாய்ப்பு என்ன என்ற கேள்வி அங்கே எழவில்லை என்று சொல்லமாட்டோம். அதைவிடப் பெரிய கேள்விகள் அவர்களிடம் இருந்தன.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 1992இல் அரங்கவியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது, பயிற்றுமொழி ஆங்கிலம். 2000இல் குவோ பாவ் குன்னும் தி. சசிதரனும் நிறுவிய நடிப்புப் பயிற்சித் திட்டத்தில் கூடியாட்டமும் ஜப்பானிய நோவும் பெய்ஜிங் இசைநாடகமும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்படுகின்றன. அங்கே கிடைப்பது பட்டயம். தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர் 'சங்கே முழங்கு' நிகழ்ச்சிக்காகப் பல மாதம் இரவில் ஒத்திகை பார்க்கின்றனர். அவ்வுழைப்பிற்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாமையே அதன் அழகு என்பாரும் உளர். நாம் ஓரளவு உடன்படுகிறோம். ஆனால், ஒவ்வோர் ஆண்டும் புதிய குழு முந்திய குழு கற்றதை முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறதே, அதற்கு அழகு என்ற பெயர் பொருந்துமா?

ஹெர்மன் நியூரன்பெர்க்கில் செய்ததை நாம் செய்வதற்கு நம்மிடம் பனுவல் இருக்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதை மேடைக்கு அளவே கூறுகின்றது: இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல், அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல், தரைப்பலகைக்கும் மேற்பலகைக்கும் இடையே நான்கு கோல். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கை நிறுத்த வேண்டும். மூவகை எழினிகளும் சொல்லப்படுகின்றன. பெருவிரலின் அகலத்தை ஓர் அங்குலம் எனக் கொண்டால் கோல் இரண்டு அடி. மேடை பதினான்கடிக்குப் பதினாறடி, மேற்பலகை எட்டடி உயரத்தில். தனி ஒருத்தியாக மாதவி ஆடப் போதும். இருபது பேர் ஆடும் கூத்துக்குப் போதாது. வகுப்பில் இக்காதையைப் பதவுரையோடு நடத்தி முடிக்கும் நாம், ஒரு மாலையில் மாணவரோடு பள்ளித் திடலுக்குச் சென்று, கயிறும் சுண்ணக்கட்டியும் கொண்டு இவ்வளவை வரைந்து, நான்கு மூலையில் நான்கு மாணவரைத் தூண்களாக நிறுத்தி, கைவிளக்கை எங்கே வைத்தால் அவர்கள் நிழல் நடுவில் விழாது என்று தேடிப் பார்க்கலாம். இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் இசைவும் தேவையில்லை.