நர்சரியில் பூத்த ரோஜா வீட்டுக்கு வந்ததும் காய்வது ஏன்? தொட்டி மண்ணைக் கொஞ்சம் கவனிங்க!

நர்சரியில் பூத்துக் குலுங்கிய ரோஜா, மாடிக்கு வந்த ஒரே மாதத்தில் வாடிப்போகிறதா? கண் பட்டுடுச்சோன்னு யோசிக்கும் முன், தொட்டிக்குள் என்ன நிரப்பினீர்கள் என்று பாருங்கள்.

தோட்டத்து மண் மட்டும் போதாதா?

போதாது. தரையில் மண்புழுக்கள் மண்ணைத் துளைத்துக்கொண்டே இருக்கும், தண்ணீர் கீழே இறங்கிவிடும். தொட்டியில் அந்த வசதி இல்லை. வெறும் செம்மண்ணோ களிமண்ணோ போட்டால், சில வாரங்களில் இறுகிவிடும். காற்று கிடைக்காத வேர் அழுகும். இதில் சிக்கல் என்னன்னா, வேர் அழுகிய செடியும் தண்ணீர் இல்லாத செடி மாதிரியே தொங்கும். நாம் பதறிப்போய் இன்னொரு மக் ஊற்றுவோம். அதோடு கதை முடிந்தது.

அப்போ கோகோபீட் மட்டும் போடலாமா?

தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும்போது உதிரும் தூள்தான் கோகோபீட். 5 கிலோ கட்டியை ஊறவைத்தால் 60 லிட்டருக்கு மேல் உப்பி வரும். எடை குறைவு என்பதால் மாடிக்கு ஏற்றது. ஆனால் அதில் உப்பு இருக்கும். கழுவாமல் போட்டால் இலை நுனி கருகலாம். ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை 2, 3 முறை மாற்றுங்கள். அதைவிட முக்கியம், செடிக்கான சத்து இதில் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரமாகவே இருக்கும். விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

எந்தச் செடிக்கு என்ன கலவை?

ரோஜா, மல்லிகை, செம்பருத்திக்கு 2 பங்கு செம்மண், 1 பங்கு கோகோபீட், 1 பங்கு மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மாடி எடை தாங்குமான்னு பயமா? செம்மண்ணைப் பாதியாகக் குறைத்துவிடலாம். மண்புழு உரத்துக்குப் பதில் நன்கு மக்கிய மாட்டுச் சாணமும் ஓகே. பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம், வேரைச் சுட்டுவிடும். அடீனியத்துக்குக் கதையே வேறு. கலவையில் பாதி பருமணலாக இருக்கட்டும். கடற்கரை மணல் கூடாது, உப்பு!

அடியில் ஜல்லி போடணுமா?

பலரும் போடுகிறோம். உண்மையில் அது வடிகாலுக்கு உதவாது. மேலே உள்ள கலவை முழுசா நனைந்து ஊறிய பிறகுதான் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும். வேருக்கான இடம் குறைவதுதான் மிச்சம். மண் வெளியேறாமல் இருக்க, ஓட்டை மேல் ஒரு ஓட்டுத்துண்டைத் தளர்வாக வைத்தாலே போதும்.

செடி வைக்கும் முன் ஒரு சின்ன டெஸ்ட். கலவையை நிரப்பி நன்றாக நனைத்துவிட்டு, மேலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். சட்டென்று உள்ளே இறங்கி அடியில் வடிந்தால் சரி. மேலேயே குளம் மாதிரி நின்றால், கொட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் பருமணலோ கோகோபீட்டோ சேர்த்துக் கலக்குங்கள்.